முகம் காணாமற் கேட்கும் கொடை



கொடுப்பதைப் பற்றி நம்மவர் பேசியது மிகுதி. கேட்பதைப் பற்றிப் பேசியது குறைவு. இதற்கு விலக்காக நிற்பவர் வள்ளுவர். ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த அவர், இரவுக்கு ஓர் அதிகாரமும் இரவச்சத்துக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். எப்போது கேட்கலாம், யாரிடம் கேட்கலாம், எப்போது கேளாதிருப்பதே மேல் என்பனவெல்லாம் ஆராயத்தக்க பொருள்கள் என்பது அவர் கருத்து. ஆயினும் அவர் கண்ட இரவலனும் புரவலனும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் தூரத்தில் நின்றவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலும், ஊரையும் பேரையும் அறியாமலும் ஒருவர் கேட்க மற்றவர் கொடுக்கும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். அவ்வாறு கேட்பதன் இயல்பையும் அதில் உள்ள இடர்களையும் பற்றி, திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்னிறுத்திச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், காணா உலகம் என்று நான் எதனைக் குறிக்கின்றேன் என்பதை விளக்கிவிடுதல் நன்று. கணினித் திரையில் ஓர் ஊரையே சித்திரமாக அமைத்து விடுகின்றார்கள். அவ்வூரில் தெருவுண்டு, கடையுண்டு, கடற்கரையுண்டு. நாம் வீட்டில் நாற்காலியில் இருந்தபடியே, நமக்கென ஓர் உருவத்தைப் புனைந்துகொண்டு, அவ்வூரில் உலாவலாம். எதிர்ப்படும் உருவங்களோடு பேசலாம். அவ்வுருவம் ஒவ்வொன்றின் பின்னும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு மனிதர் இருக்கின்றார். இதனை மெய்ந்நிகர் உலகம் என்று இக்காலத்தார் வழங்குவர். இத்தகைய உலகங்களுள் பெயர்பெற்ற ஒன்று 2003ஆம் ஆண்டில் தொடங்கிய 'செக்கண்ட் லைப்' என்பது. அங்கே 2005ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக ஆண்டுதோறும் ஒரு நடைபவனி நடைபெற்று வருகின்றது. நடப்பவை உருவங்கள், நடக்கும் பாதையும் சித்திரமே. ஆனால் சேர்வது மெய்யான பணம். முதலாண்டில் ஏறக்குறைய 5,000 டொலர் சேர்ந்தது. 2008ஆம் ஆண்டில் அது இரண்டு இலட்சம் டொலரைத் தாண்டியது.

அந்நடைபவனியில் ஒரு வழக்கம் உண்டு. நோயினால் இறந்தவரின் நினைவாக, அவர் பெயர் எழுதிய சிறு விளக்கொன்றைப் பணம் கொடுத்து ஏற்றுகின்றார்கள். இரவு வரும்போது பாதையின் இருமருங்கும் அவ்விளக்குகள் ஒளிர்கின்றன. எண்ணெயும் திரியும் இல்லாத விளக்குகள். இதனைக் கேள்வியுற்றபோது என் நினைவு அமெரிக்காவுக்குச் செல்லவில்லை. திருகோணமலை நகருக்கு வடமேற்கே உள்ள பெரியகுளத்துக்கே சென்றது.

பெரியகுளத்தில், சிங்களத்தில் வெல்கம் விகாரை என்றும், சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்றும் பெயர்பெற்ற பௌத்தப் பள்ளியொன்றின் இடிபாடுகள் உள்ளன. அங்கே கிடைத்த கல்வெட்டுகள் பல தமிழில் எழுதப்பட்டவை; பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. புத்தர் பள்ளிக்கு விளக்கெரிக்கத் தமிழ்ப் பெயருடையோர் பசுக்களும் பொருளும் வழங்கிய செய்தியை அவை கூறுகின்றன. சமயத்தின் பெயரால் நாம் பட்ட துன்பங்களை எண்ணும்போது, அக்கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறையேனும் சென்று காண வேண்டும் என்று தோன்றுகின்றது. அது வேறு பேச்சு. இங்கு நான் கருதுவது அக்கொடையின் அமைப்பை.

நந்தாவிளக்கு என்பது ஓர் ஆண்டில் முடிந்துவிடும் கொடையன்று. சோழ நாட்டுக் கோயில்களில் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் சொல்லும். ஆடு சாகாமலும் மூவாமலும் இருக்குமோ என்று நகைக்க வேண்டாம். மந்தையைப் பொறுப்பேற்ற மன்றாடி, இறந்ததற்கு ஈடாகக் கன்றை வளர்த்து எண்ணிக்கை குறையாமல் காத்து, நாள்தோறும் இன்ன அளவு நெய் அளக்கக் கடமைப்பட்டவன் என்பதே அதன் பொருள். கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, எதற்காக, பொறுப்பேற்றவர் எவர் என்பனவற்றைக் கல்லிலே வெட்டிவைத்தனர். இறுதியில், இத்தருமத்தைக் காப்பவரை வணங்கியும் அழிப்பவரைச் சபித்தும் சில சொற்கள் எழுதுவதுண்டு. அவ்வேண்டுகோள் யாரை நோக்கியது? எழுதியவர் ஒருபோதும் காணப்போகாத, இன்னும் பிறவாத மக்களை நோக்கியது. ஆகவே முகம் காணாதாரிடம் தருமத்தின் பொருட்டு வேண்டிக்கொள்வது நமக்குப் புதிதன்று. நிலாவெளியில் கிடைத்த கல்வெட்டும் கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைக் கூறி இதே வகையில் நம்மோடு பேசுகின்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினத்தன்று, கடல் பொங்கி வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். திருகோணமலை மாவட்டத்தில் மாத்திரம் ஆயிரத்துக்கு மேல். மலைகள் அரணாக நிற்கும் உட்துறைமுகம் பேரழிவினின்றும் ஒருவாறு தப்பியது. ஆனால் கிண்ணியாவும் மூதூரும், வடக்கே நிலாவெளி முதல் புல்மோட்டை வரையுள்ள கரையோர ஊர்களும் அடிபட்டன. கிண்ணியா வைத்தியசாலையும் கடலுக்குத் தப்பவில்லை.

அக்கிழமையிலேதான் முகம் காணாத கொடை இத்தனை பெரிய அளவில் உலகெங்கும் முதன்முறையாக நிகழ்ந்தது என்று சொல்லலாம். பிரித்தானியாவில் பல தொண்டு நிறுவனங்கள் ஒன்றுகூடி அமைத்த பேரிடர்க் குழு தொலைக்காட்சியிலும் இணையத்திலும் வேண்டுகோள் விடுத்தது. மார்கழி 30ஆம் நாள் மாலை தொடங்கி 24 மணி நேரத்துள் இணையம் வழியாக மாத்திரம் ஒரு கோடிப் பவுணுக்கு மேல் வந்து சேர்ந்தது. அக்குழு திரட்டிய மொத்தத் தொகை 39 கோடிப் பவுண். இத்தாலியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு யூரோ கொடையாகும் என்று ஏற்பாடு செய்தார்கள், இலட்சக்கணக்கானோர் அனுப்பினர். இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழ்ந்த நம்மவர் ஊர்ச்சங்கங்கள் வழியாக அனுப்பியது இவற்றுக்குப் புறம்பானது. கிண்ணியா என்னும் பெயரை உச்சரிக்கவும் அறியாத ஒருவர், சமையலறையில் நின்றபடி, விரலால் ஓர் அழுத்தம் அழுத்தினார்; அது இங்கே ஒரு குடும்பத்துக்குக் கூடாரமாயிற்று. இதனைச் சிறிதென்று எண்ணுவோர் நன்றியறியாதவர்.

ஆனால் நன்றியோடு உண்மையையும் சொல்லவேண்டும். திரையில் கேட்கப்படும் கொடை, திரையில் நன்றாகத் தோன்றும் பொருளையே நாடிச் செல்கின்றது. ஆழிப்பேரலைக்குப் பின் அவ்வாறு தோன்றிய பொருள் படகு. வெண்மணற் கரையில் புத்தம்புதிய படகொன்று. அதன் பக்கத்தில் கொடுத்த நாட்டாரின் பெயர். அருகே புன்னகையோடு ஒரு மீனவர். இதைவிட நல்ல படம் வேறேது? விளைவு என்னவெனில், பைபர் என்று மீனவர் வழங்கும் சிறு கண்ணாடியிழைப் படகுகள் இலங்கையின் சில கரைகளில் முன்பு இருந்த தொகையினும் மிகுதியாக வந்து குவிந்தன. வேறு சில கரைகளில் ஒன்றும் இல்லாமல் இருந்தார்கள். வந்தவற்றுள் கடலுக்கு உதவாதனவும் இருந்தன. படகு கிடைத்தவருக்கு வலை கிடைக்கவில்லை. வலை கிடைத்தவருக்கு இயந்திரம் கிடைக்கவில்லை. கரைவலை இழுத்துக் கூலி பெற்றவர், துவிச்சக்கர வண்டியில் பெட்டி கட்டி மீன் விற்றவர், கருவாடு போட்ட பெண்கள் ஆகியோருக்கும் வாழ்வு கடலோடுதான் போயிற்று. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது சிறு கைம்முதல். கைம்முதலைப் படம் பிடிப்பது எவ்வாறு?

கேட்பவர் தீயவரல்லர், கொடுப்பவரும் தீயவரல்லர். பின் ஏன் இப்படி நிகழ்கின்றது? இக்கேள்விக்கு மனத்தின் இயல்பை ஆராய்ந்தோர் சிலர் விடை தந்துள்ளனர்.

டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்டீன், போல் சுலோவிக் என்னும் மூவர் 2007ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். வேறொரு வேலைக்குக் கூலியாக ஒவ்வொருவருக்கும் ஐந்து டொலர் கொடுத்து, அதிலிருந்து விரும்பியதைப் பசித்தோருக்குத் தரலாம் என்றார்கள். ஒரு சாராரிடம் மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் படத்தையும் கதையையும் காட்டினார்கள். மற்றொரு சாராரிடம் ஆபிரிக்காவில் எத்தனை இலட்சம் பேர் பட்டினியால் வருந்துகின்றனர் என்னும் கணக்கைக் காட்டினார்கள். சிறுமியைக் கண்டவர் சராசரியாக 2.38 டொலர் கொடுத்தனர். கணக்கைக் கண்டவர் 1.14 டொலர். இரண்டையும் ஒருங்கே காட்டியபோது இரண்டும் கூடி மிகுதியாகும் என்று எவரும் எதிர்பார்ப்பர். கிடைத்ததோ 1.43 டொலர். கணக்கு வந்து குழந்தையை மறைத்துவிட்டது.

அவர்கள் கண்ட இன்னொன்றைச் சொல்வதற்கு எனக்குச் சற்றுத் தயக்கம். மனம் இவ்வாறு ஒரு முகத்தின்பால் சாய்வது இயல்பு என்பதை முன்கூட்டியே விளக்கிவிட்டுக் கேட்டபோது, மக்கள் கணக்கில் உள்ள பலருக்கு அதிகமாகக் கொடுக்கவில்லை. சிறுமிக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆகவே நேயர்களே, இவ்வுரையைக் கேட்டதன் பயனாக நீங்கள் நாளை ஒருவருக்குக் கொடுக்கவிருந்த ஐந்து ரூபாயைக் குறைத்துக்கொள்வீர்களாயின், பழி என்னைச் சாரும். அருள் கூர்ந்து அப்படிச் செய்யாதிருங்கள்.

மற்றொரு பரிசோதனை மெய்ந்நிகர் உலகின் உள்ளேயே நடந்தது. நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் ஈஸ்ட்விக், வெண்டி கார்ட்னர் என்பவர்கள் 'தெயர்' என்று பெயரிய அத்தகைய ஓர் உலகில், உருவம் தாங்கிச் சென்று அங்கு உலாவியோரிடம் உதவி கேட்டார்கள். கேட்டது கொடையன்று, தம்மோடு ஓரிடத்துக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள இசைய வேண்டும் என்னும் சிறு உதவி. கேட்கும் முறையை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். முதலில், ஐம்பது இடங்களுக்கு வாருங்கள் என்று பெரிதாகக் கேட்டு, அவர் மறுத்த பின், சரி, ஓரிடத்துக்கேனும் வாருங்கள் என்று கேட்டபோது, நேராகக் கேட்டதைவிட மிகுதியானோர் இசைந்தனர். நம் சந்தையில் மீன் வாங்குகிற எவரும் அறிந்த வித்தை இது! பொய்யுருவங்கள் நடமாடும் ஊரிலும் மெய்யான மனிதர் நடந்துகொள்வது போலவே மக்கள் நடந்துகொள்கின்றனர். ஒருவரை மறுத்துவிட்டோமே என்னும் கூச்சம் அங்கும் வேலை செய்கின்றது.

ஆனால் அதே கூச்சத்தோடு வேறொன்றும் கூடச் சென்றிருந்தது. கேட்ட உருவம் வெள்ளைத் தோலுடையதாக இருந்தபோது இசைந்தோர் தொகை நூற்றுக்கு ஏறக்குறைய இருபது உயர்ந்தது. அதே சொற்களைக் கறுத்த தோலுடைய உருவம் கேட்டபோது எட்டே உயர்ந்தது. அத்தோல் மெய்த்தோலன்று, நினைத்த மாத்திரத்தில் மாற்றிக்கொள்ளத்தக்க வண்ணப்பூச்சு. அஃது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மனம் அவ்வாறு செய்தது. திருகோணமலையிலிருந்து ஓர் இளைஞர் தம் ஊருக்காக அவ்வுலகில் சென்று கேட்பாரானால், தம் உருவத்துக்கு எந்நிறம் பூசிக்கொள்வார்? வெண்ணிறம் பூசினால் பணம் கூடும். பூசலாமா? கூடாது என்பது என் எண்ணம். கொடுப்பவரின் பிழையை வளர்த்து அதிலிருந்து பெறும் பணம், பின்பு நம் பிள்ளைகள் தலையிலேயே விடியும். எனினும், பசித்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பவர் வேறு முடிவுக்கு வந்தால், அவரைக் குறைகூற எனக்கு வாய் எழாது.

இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கின்றார்கள். கண்ணை மூடும்படி ஒரு கருவியை அணிந்துகொண்டால், எப்பக்கம் திரும்பினாலும் வேறோர் இடமே தெரியும். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் 2015ஆம் ஆண்டில் 'சித்ராவின் மேல் முகில்கள்' என்னும் பொருள்படும் சிறு படமொன்று இம்முறையில் எடுக்கப்பட்டது. யோர்தானில் உள்ள சாத்தரி அகதி முகாமில் வாழ்ந்த பன்னிரண்டு வயதுச் சிரியச் சிறுமி நம்மைத் தன் பாடசாலைக்கும் கூடாரத்துக்கும் அழைத்துச் செல்கின்றாள். அதனைச் செல்வந்தர்களும் அரசியலாளரும் கூடும் டாவோஸ் மாநாட்டில் காட்டினார்கள். தெருவில் நிதி கேட்போரும் எடுத்துச் சென்று காட்டினார்கள். கண்டவர்கள் மனம் இளகிக் கொடுத்தனர்.

முகாம் என்றால் என்ன என்பது திருகோணமலை மாவட்டத்தாருக்குக் கருவி அணிந்து அறியவேண்டிய செய்தியன்று. போராலும் கடலாலும் முகாமில் இருந்தவர் இங்கே பலர். ஆகவே அப்படத்தை நான் காண்பவர் பக்கத்திலிருந்து மட்டும் நினைக்க இயலவில்லை. காணப்படுபவர் பக்கத்திலிருந்தும் நினைக்கின்றேன். உங்கள் கூடாரத்துக்குள் முன்பின் அறியாத ஆயிரம்பேர் வந்து, நாற்புறமும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகின்றார்கள். அவர்களில் ஒருவரையேனும் நீங்கள் பார்க்கவில்லை. அச்சிறுமி தானே கதை சொல்லுகின்றாள் என்பது ஆறுதல். விம்மி அழும் குழந்தையைத் தேடிப்பிடித்துப் படமாக்குவதற்கும் இதற்கும் தூரம் அதிகம். சுனாமிக் காலத்தில் நம் கரைகளில் எடுக்கப்பட்ட படங்களுள் இரண்டு வகையும் இருந்தன.

இத்தனை துன்பமின்றிக் கேட்கும் வழிகளும் தோன்றியுள்ளன. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய 'பிறீரைஸ்' என்னும் விளையாட்டில், ஒரு சொல்லின் பொருளைச் சரியாகச் சொன்னால் பத்து அரிசிமணி பசித்தோருக்குப் போகும் என்று வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது தருமத்துக்கென ஒதுக்கிய பிடியரிசிக்கு அது தூரத்து உறவு. கணினி விளையாட்டில் வல்லவர் பலர் கூடி இரவு பகலாக விளையாடிக் காட்டி நிதி திரட்டும் வழக்கம் 2010ஆம் ஆண்டில் பத்தாயிரம் டொலரோடு தொடங்கி, இன்று பல இலட்சங்களாக வளர்ந்துள்ளது. இவற்றில் யாரும் யாருடைய கண்ணீரையும் காட்டவில்லை. பெரிய இடர் வந்த நாளில் இவை போதுமா என்பது வேறு கேள்வி.

முகம் தெரியாத இடத்தில் கள்வரும் வருவர். ஆழிப்பேரலை அடித்த சில நாட்களுக்குள்ளேயே, தொண்டு நிறுவனங்களின் பெயரைத் திருடிப் பொய்யான வலைத்தளங்களும் மின்னஞ்சல்களும் உலவத் தொடங்கின. அமெரிக்கக் குற்றத் துப்பறியும் துறை 2005ஆம் ஆண்டு தைத் திங்களின் முதற் கிழமையிலேயே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. நம் துயரைக் காட்டி நம் பெயரால் பிறர் திருடினார்கள். பணம் இழந்தவர் அமெரிக்கரோ ஆங்கிலேயரோ ஆகலாம். அடுத்த முறை நம்பிக் கொடாமல் விட்டவரும் அவரே, பெறாமல் போனவரோ நம்மவர். பெரியகுளத்துக் கல் சொன்ன நான்கு செய்திகளை இங்கே நினைவூட்ட விரும்புகின்றேன். யார், எவ்வளவு, எதற்கு, பொறுப்பு எவர். உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் வேண்டுகோளில் முதல் மூன்றும் பெரும்பாலும் இருக்கும். நான்காவதைத் தேடிப்பாருங்கள்.

அதே தைத் திங்களில் வேறொன்றும் நிகழ்ந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் நிறுவனம், பேரலையால் பாதிக்கப்பட்டோர்க்குத் தான் செய்ய இயலும் பணிக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி இதற்கென அனுப்பவேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. கடல் பொங்கி இரண்டு கிழமை கூட ஆகவில்லை. உலகம் முழுதும் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். மற்ற நிறுவனங்களுள் சில இதனை விரும்பவில்லை. கொடுப்போர் கை சுருங்கிவிடும் என்று அஞ்சினார்கள். அந்நிறுவனமோ மேலும் ஒரு படி சென்றது. ஏலவே கொடுத்தவர்களுக்கு எழுதி, உங்கள் பணத்தைச் சூடான் முதலிய வேறிடங்களில் வருந்துவோருக்குச் செலவிடலாமா, அல்லது திருப்பித் தரவேண்டுமா என்று கேட்டது. இவர்களும் முகம் காணாதவர்களே. கடற்கரைப் படத்தைப் பார்த்துக் கொடுத்தவர்களே. மிகப் பெரும்பாலோர் இசைவு தெரிவித்து எழுதினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருந்தனர்.